விறகு வாயுவில் வண்டி: தோட்டத்துப் பட்டறையில் புதிதாய் இறங்குவோருக்கு

வெள்ளகோவில் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு, விறகை வாயுவாக்கி அதில் இஞ்சின் ஓடும் விறகு வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் நேராக டிரெய்லரில் நிற்கும் உலையிடம்தான் போவார்கள். தட்டிப் பார்ப்பார்கள், எத்தனை எம்எம் தகடு என்று கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள். களத்தில் காய்கிற விறகுத் துண்டுகளை மிதித்துக்கொண்டுதான் அங்கே போயிருப்பார்கள். அதை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து போன் வரும். "ஏனுங்ணா, நீங்க சொன்ன அளவுதானுங்க வெச்சேன். பத்து நிமிசம் ஓடி நின்னு போச்சுங்க. வால்வெல்லாம் தார் அப்பிக் கெடக்குதுங்க." விறகு எத்தனை நாள் காய்ந்தது என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது.

இந்த வேலையில் வெல்டிங் பாதிகூட இல்லை. விறகும் நெருப்பும்தான் வேலை. அதனால் இங்கே உலைக்கு முன்னால் விறகைச் சொல்கிறேன், விறகுக்கு முன்னால் உயிரைச் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது

கரிமூட்டம் போட்டவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கினால் முதலில் ஈரம் போகும். இன்னும் சூடேறினால் மஞ்சள் புகையைக் கக்கிக்கொண்டு மரம் கரியாகும். தார் இருப்பது அந்தப் புகையில்தான். விறகு வாயு உலையில் அந்தப் புகையை மேலே விடாமல் கீழ்நோக்கி இழுத்து, காற்று நுழையும் இடத்தில் 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நெருப்புக்குள் புகுத்துகிறோம். தார் அங்கே சிதைந்து எரிகிறது. எரிந்து மிஞ்சும் கரியமில வாயுவும் நீராவியும் அதற்குக் கீழே தணலாக இருக்கும் கரிப் படுகை வழியே இறங்க வேண்டும். அங்கே கரி அவற்றிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நீராவியிலிருந்து ஹைட்ரஜனும் கூடவே இன்னும் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன. இவைதான் உங்கள் பெட்ரோல்.

நன்றாக ஓடும் உலையின் வாயுவில் கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம் அளவில் இருக்கும். ஹைட்ரஜன் 15 முதல் 20, மீத்தேன் 2 சதவீதம் இருக்கும். கிட்டத்தட்டப் பாதி நைட்ரஜன். அது காற்றோடு வந்து எதையும் தொடாமல் திரும்பிப் போகிற ஒறம்பரை (விருந்தாளி) மாதிரி. இஞ்சினில் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெட்ரோலில் கிடைத்த வலுவில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் விறகில் கிடைக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு இறங்குங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கீழ்நோக்கி இழுக்கும் இந்த உலையை 1920-களில் வண்டிக்கு ஏற்றபடி செய்தவர் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பெர்ட். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் முடங்கியபோது ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. நம் ஊரிலும் அப்போது கரி கேஸ் பஸ் ஓடியது. பின்னால் உலையை மாட்டிக்கொண்டு, கிளீனர் கையால் சக்கரம் சுற்றி நெருப்பை ஊதுவார் என்று எங்கள் அப்பாரு சொல்லுவார். மேடு வந்தால் ஆட்கள் இறங்கி நடக்க வேண்டுமாம். பக்கத்தில் பார்த்தால், மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி 2000-களின் தொடக்கத்தில் 9 கிலோவாட் விறகு வாயு இயந்திரம் வைத்துக் குடிநீர் இறைத்தது.

உயிரும் சட்டமும்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். நாம் செய்கிற வாயுவில் அது நூற்றில் இருபது. விறகு வாயுவிலாவது புகை வாடை கொஞ்சம் இருந்து எச்சரிக்கும். கரி வாயுவில் அதுவும் இருக்காது.

முதல் வருடம் ஒரு மழை நாளில் சாளைக் கொட்டகைக்குள் டிரெய்லரை இழுத்து வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு பக்கமும் திறந்த சாளைதானே என்ற நினைப்பு. கால் மணி நேரத்தில் நெற்றிப் பொட்டில் சுத்தியல் அடித்தது. எழுந்தபோது கால் பின்னியது. அன்றைக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட வந்திருக்காவிட்டால் இதை எழுத ஆள் இல்லை. அதன் பிறகு கூரைக்குக் கீழே ஒருநாளும் பற்றவைத்ததில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இணையக் கடைகளில் கிடைக்கிறது. ஒன்றை ஓட்டுநர் இருக்கைப் பக்கத்தில் மாட்டுங்கள், இன்னொன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் எது வந்தாலும் உடனே திறந்த வெளிக்குப் போய்விட வேண்டும். குறையவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய், கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்ததாகச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். வெறும் தலைவலி என்று சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சட்டம்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லாமல் பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இப்படிக் கட்டிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால் இன்சூரன்சும் கைகொடுக்காது. எங்கள் மாருதி ஆம்னி வேன் தோட்டத்து வேலிக்குள் தேங்காயும் சாணமும் தீவனமும் சுமக்கிறது. தார் ரோட்டை அது பார்ப்பதில்லை.

முதலில் வண்டியைத் தொடாதீர்கள்

இலவச மின்சாரம் வந்த பிறகு மூலையில் கிடக்கிற மண்ணெண்ணெய் இஞ்சின் ஒன்று யார் வீட்டிலாவது இருக்கும். இரண்டு மூன்று குதிரைத்திறன் போதும். அதைக் கரியில் ஓட்டிப் பழகுங்கள். கரியில் தார் ஏற்கெனவே போய்விட்டதால் உலை எளிது. மூடி இறுகும் 20 லிட்டர் இரும்பு பெயிண்ட் டின், காற்று உள்ளே போக அடிப்பக்கம் பக்கவாட்டில் நுழையும் கனத்த முக்கால் இஞ்ச் பைப், மேலே வாயு வெளியேற ஒரு பைப், அவ்வளவுதான். காங்கயம், பொள்ளாச்சிப் பக்கம் தொட்டிக்கரிக்கு (தேங்காய்ச் சிரட்டைக் கரி) பஞ்சமில்லை. அதைக் கடலை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்குள் உடைத்துச் சலித்துப் போடுங்கள். தூள் போட்டால் அடைக்கும். பைப் முனையில் வெப்பம் 1,500 டிகிரி வரை போகும், முனை உருகிச் சிறுக்கும். காற்றோடு சொட்டுத் தண்ணீர் விட்டால் முனையும் பிழைக்கும், ஹைட்ரஜனும் கூடும்.

பிறகு ஏன் எல்லாவற்றையும் கரியிலேயே ஓட்டக் கூடாது? ஓட்டலாம். ஆனால் ஒரு கிலோ விறகிலிருந்து கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் கரி வரும். விறகின் சக்தியில் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே புகையாகப் போய்விடுகிறது. பழகுவதற்குக் கரி, உழைப்பதற்கு விறகு என்பது என் கணக்கு.

ஆயில் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது என்பதால் வாயுவை மட்டும் கொடுத்து ஓட்ட முடியாது. கொஞ்சம் டீசல் தெளித்துத்தான் பற்றவைக்க வேண்டும். உலை நன்றாக இருந்தால் டீசலில் 70 சதவீதம் வரை மிச்சமாகும்.

வண்டிக்குக் கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் இஞ்சினாகப் பாருங்கள். சென்சாரும் இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் வைத்த வண்டி புதியவர்களுக்கு ஆகாது. என்னுடையது 796 சிசி ஆம்னி. உலையை வண்டிக்குள் வைக்காதீர்கள். பின்னால் இழுக்கிற சின்ன டிரெய்லரில் வையுங்கள்.

விறகு

இங்கே பொறுமையாக இருங்கள்.

பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்க நெருப்பு தன் சூட்டைச் செலவழிக்கும். சூடு இறங்கினால் தார் எரியாது. எரியாத தார் குழாயில் குளிர்ந்து, இன்டேக் வால்வின் தண்டில் பசையாகப் பிடித்து, மறுநாள் காலையில் வால்வு அசையாமல் நிற்கும். வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுற்றினால் புஷ் ராடோ ராக்கரோ வளையும், பிஸ்டனே போய் முட்டுகிற இஞ்சினும் உண்டு. எல்லாம் ஈர விறகில் தொடங்குகிறது. உலைக்குப் போகும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

எப்படித் தெரிந்துகொள்வது? காய்கிற குவியலின் நடுவிலிருந்து ஒரு கிலோ துண்டை எடுத்து எடை போட்டு, வீட்டு ஓவனில் 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 850 கிராமுக்கு வந்து நின்றால் ஈரம் 15 சதவீதம். 780-க்கு வந்தால் 22, இன்னும் காயட்டும். ஓவன் இல்லாதவர்கள் தணிந்த தணல் மேல் தகடு போட்டு, கருகாமல் பார்த்துக்கொண்டு செய்யலாம். பழகிய பின் காதே சொல்லும். இரண்டு துண்டைத் தட்டினால் காய்ந்தது ‘டங்’ என்னும், ஈரம் ‘தொப்’ என்னும். ஆனால் முதல் ஆறு மாதம் காதை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்.

நமக்கு வாய்த்த விறகு வேலிக்காத்தான். சீமைக்கருவேலம் என்று புத்தகத்தில் எழுதுவது இதைத்தான். கனமான மரம், நல்ல கரி தரும், வெட்டினால் நிலத்துக்கும் நல்லது. மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் நிற்கும் வெள்வேலும் அருமையாக எரியும், ஆனால் அது ஆட்டுக்குக் காய் தருகிற மரம். கவாத்து செய்த கிளைகளை மட்டும் எடுங்கள். புளி, வேம்பு எதுவும் ஆகும். தேங்காய்த் தொட்டியை உடைத்து விறகோடு கலக்கலாம். ஆகாதவையும் உண்டு. மட்டையும் நாரும் உலைக்குள் பஞ்சாய் அடைத்துக்கொள்ளும். கடலைத் தொலி, மரத்தூள் இரண்டும் காற்றுக்கு வழி விடாது. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் பக்கம் போகவே வேண்டாம், அந்தப் புகை விஷம்.

அளவு தீப்பெட்டி. இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. தீப்பெட்டியைப் போல இரண்டு மடங்கு பெரிய துண்டுகள் உள்ளே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாலம் கட்டும். கீழே நெருப்பு தின்றுவிட்டு வெற்றிடமாக இருக்கும், மேலே விறகு அசையாமல் நிற்கும். அப்போது இஞ்சின் திடீரென்று திணறும். தீப்பெட்டியைவிடச் சிறிதாக இருந்தால் காற்று நுழையாது. நீளமான விரல் குச்சிகளும் வேண்டாம், அவைதான் முதலில் குறுக்கே சிக்கும். கணுக்கை கனமுள்ள கிளையை வட்ட ரம்பத்தில் இரண்டு விரல் கனத்துக்கு வில்லையாக அறுத்து, வில்லையை அருவாளால் நாலாகப் பிளப்பது என் வழி. ரம்பத்தில் அறுக்கும்போது கைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள்.

காய வைக்கக் கொங்கு நாட்டைப் போல ஊர் அமையாது. மாசி, பங்குனியில் பிளந்து களத்தில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினால் சித்திரைக் கடைசியில் தயார். வெயிலில் விட்டுப்போனதை ஆடிக்காற்று முடித்து வைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்று காற்றாலைக்கு மட்டும் இல்லை. ஐப்பசிக்கு முன் எல்லாவற்றையும் மூட்டைகளில் கட்டிக் கூரைக்குக் கீழே, தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கிவிட வேண்டும். காய்ந்த விறகு மழைக் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். காப்பிச் சாக்கு போன்ற இறுக்கமான சாக்கு வேண்டாம், வெங்காயம் வரும் வலைப்பை நல்லது.

எவ்வளவு வேண்டும்? ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விறகு. ஆண்டுக்கு எத்தனை லிட்டர் போடுகிறீர்கள் என்று பார்த்து, அத்தனை விறகை அறுத்துப் பிளக்க மனமிருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

உலையின் அளவு

உலையை இஞ்சினுக்குத் தகுந்தபடி செய்ய வேண்டும். பெரிதாகச் செய்தால் நெருப்பு பரவிச் சூடு இறங்கும், தார் வரும். இங்கே ‘கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்’ என்ற நம் வழக்கம் செல்லாது.

ஆம்னி கணக்கைப் பாருங்கள். 796 சிசி, நான்கு ஸ்ட்ரோக், 3,000 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உறிஞ்சும் என்பதால் நிமிடத்துக்கு 1,500 × 0.796, அதாவது சுமார் 1,190 லிட்டர். முழுதாக நிரம்பாது. 80 சதவீதம் என்று வைத்தால் 950 லிட்டர் கலவை. விறகு வாயுவுக்குக் கிட்டத்தட்டச் சம பங்கு காற்று வேண்டும். எனவே வாயு 470 லிட்டர், மணிக்கு 28 கன மீட்டர். இதற்கு உலையின் கழுத்து, அதாவது நெருப்புக்குக் கீழே வாயு இறங்கும் குறுகிய வாய், 6 செ.மீ. விட்டம் இருந்தால் சரி. முழு மிதியில் ஓடினால் மணிக்கு 13 கிலோ விறகு தின்னும். தோட்டத்து ஓட்டத்தில் அதில் பாதிதான் ஆகிறது.

நெருப்பறைக்குப் பழைய இரும்புக் கடையில் 10 இஞ்ச் எம்எஸ் பைப் துண்டு ஒன்று தேடுங்கள். கோவை உக்கடத்தில் கிடைக்காத இரும்பு இல்லை. அதன் அடியில் 10 எம்எம் தகட்டில் 6 செ.மீ. ஓட்டை போட்டு வையுங்கள், அதுதான் கழுத்து. புனல் போல வளைத்து வெல்டிங் செய்யக் கஷ்டப்பட வேண்டாம். தட்டையான தகட்டின் மேல் சாம்பல் தானாகச் சரிந்து புனலாகிக்கொள்ளும், சூட்டையும் காக்கும். அந்தத் தகட்டை வெல்டிங் வைக்காமல் சும்மா உட்கார வையுங்கள், தேய்ந்தால் மாற்றலாம்.

கழுத்துக்கு மேலே 8 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் காற்று நுழைய ஐந்து நாசில். ஒவ்வொன்றிலும் ஏழரை எம்எம் துளை. நாசில் முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டு 15 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைய வேண்டும். கழுத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டுக் கம்பிச் சல்லடை. அதை வெளியிலிருந்து ஆட்ட ஒரு கைப்பிடி. கழுத்துக்கும் சல்லடைக்கும் நடுவே எப்போதும் கரி நிறைந்திருக்க வேண்டும். இவை எல்லாம் 200 லிட்டர் ஆயில் டிரம்முக்குள் உட்காரும். வாயு சல்லடைக்குக் கீழே வந்து, டிரம்முக்கும் பைப்புக்கும் இடையே ஏறி வெளியே போகும். மேலே விறகு கொட்டி வைக்கும் தொட்டி, அதுதான் ஹாப்பர், அதற்கு ஸ்பிரிங் வைத்த மூடி. உள்ளே வாயு வெடித்தால் மூடி தூக்கிக்கொண்டு அழுத்தத்தை விட வேண்டும். போல்ட் போட்டு இறுக்கினால் டிரம்தான் கிழியும். காற்று வாயில் உள்பக்கம் மட்டும் திறக்கும் ஒரு தகட்டுக் கதவு வையுங்கள். இஞ்சின் நின்றதும் வாயு அந்த வழியே திரும்பி வராது.

மூடிக்கும் கதவுக்கும் கண்ணாடி நார்க் கயிறு. திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விற்கும் கடைகளில் கிடைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு மலிவு என்று கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டு கேஸ் சிலிண்டரை வெட்டி உலை செய்யும் யோசனை எல்லோருக்கும் வரும். அது உங்கள் சொத்து இல்லை, வெட்டும்போது உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

எல்லாம் முடிந்ததும் வாய்களை அடைத்து, புளோயரால் உள்ளே காற்றை ஊதி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். நுரை குமிழ் விடுகிற இடம் ஓட்டும்போது காற்றை உள்ளே இழுக்கும். அங்கே வாயு உள்ளேயே எரிந்துபோகும். பெயிண்ட் பொரிந்த இடத்தைக் கண்டால் பாதிக் காரணம் அதுதான்.

குளிர்ச்சியும் சுத்தமும்

உலையிலிருந்து வாயு 300, 400 டிகிரி சூட்டோடும் சாம்பலோடும் வரும். முதலில் சைக்ளோன். அதில் வாயு சுழன்று இறங்கும்போது கனத்த தூசி கீழே விழும். அதன் பிறகு குளிர்விக்கும் குழாய். 2 இஞ்ச் பைப்பை டிரெய்லரில் நான்கு வரிசை மடக்கி, கீழ்ப்புள்ளியில் தண்ணீர் வடிய ஒரு டேப் வையுங்கள். சூடான வாயு இடத்தை அடைக்கும், குளிர்ந்தால்தான் இஞ்சினுக்குள் அதிகம் புகும்.

பிறகு வடிகட்டி. 50 லிட்டர் டிரம்மில் அடியில் விறகுச் சீவல், மேலே தேங்காய் நார், அதற்கும் மேலே ஸ்பாஞ்சு. நாரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், காசு கிடையாது. இஞ்சினுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வடிகட்டி இருக்கட்டும். முதல் வடிகட்டி கைவிட்டால் அது அடைத்து இஞ்சினை நிறுத்தும். நின்ற இஞ்சின் கெட்ட இஞ்சினைவிட மேல்.

வாயு சுத்தமா என்று பார்க்க வெள்ளை வேட்டித் துணி போதும். வடிகட்டிக்குப் பிந்திய டேப்பைத் திறந்து, காற்று வருகிற பக்கம் நின்றுகொண்டு, துணியை ஒரு நிமிடம் காட்டுங்கள். சாம்பல் நிறம் படிந்தால் அது தூசி, வடிகட்டியைப் பாருங்கள். பழுப்புக் கறை படிந்து விரலில் ஒட்டினால் அது தார். வடிகட்டியை மாற்றிப் பயனில்லை, விறகையும் கழுத்தையும் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாத வாயுவை இஞ்சினுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இஞ்சினோடு சேர்த்தல்

கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். அதன் வாய்க்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவே ஒரு ‘டி’ பைப். ஒரு கையில் வாயு, மறு கையில் காற்று. இரண்டிலும் தனித்தனி வால்வு. காற்று வால்வை டிவிஎஸ் ஃபிஃப்டி பிரேக் கம்பியால் ஓட்டுநர் கைக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டும்போது அடிக்கடி தொடுவது அதைத்தான். ஆக்சிலேட்டர் பழையபடியே வேலை செய்யும். பெட்ரோல் லைனில் ஒரு டேப் போடுங்கள்.

விறகு வாயு மெதுவாக எரியும். அதனால் தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10 டிகிரி முன்னால் வையுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து இழுவை கூடுகிற பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தலாம். திரும்பப் பெட்ரோலில் சுமை ஏற்றி ஓட்டினால் பழைய இடத்துக்குத் திருப்பாமல் ஓட்டாதீர்கள், இஞ்சின் தட்டும்.

பற்றவைப்பு

முதல்முறை சல்லடையிலிருந்து நாசிலுக்கு ஒரு கைப்பிடி மேலே வரை கரியை நிரப்புங்கள். விறகை நேராகப் போட்டுப் பற்றவைத்தால் முதல் அரைமணி முழுக்கத் தார்தான் வரும். கரிக்கு மேல் விறகு, மூடி. வடிகட்டிக்குப் பின்னால் வைத்த 12 வோல்ட் புளோயரைப் போட்டு, டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி காற்று வாயில் காட்டினால் நெருப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

புளோயர் வாயில் முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும். ஐந்து நிமிடத்தில் மெலியும். அப்போது நீளக் குச்சியில் தீயைக் காட்டுங்கள். பற்றி அணைந்தால் இன்னும் நேரமாகவில்லை. நீலமும் இளஞ்சிவப்புமாகச் சுடர் நிலைத்து நின்று எரிந்தால் வாயு தயார். மஞ்சள் சுடராகப் புகைந்தால் தார் இருக்கிறது. சுடர் நின்ற பிறகும் இரண்டு நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டவர்கள்தான் வால்வு கழற்றியவர்கள்.

இஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து கொஞ்சம் வேகமாக ஓட விடுங்கள். புளோயரை நிறுத்தி, அதன் வால்வை மூடி, வாயுவைத் திறந்து, பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் தீர ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தில் காற்று வால்வை நகர்த்திக்கொண்டே இருங்கள். சத்தம் மாறும், ஒரு இடத்தில் இஞ்சின் ‘பிடித்துக்கொள்ளும்’. அந்த இடம் கைக்குப் பழக ஒரு வாரம் ஆகும்.

ஓட்டும்போது கியரை இறக்கிச் சுற்றைக் கூட்டி ஓட்டுங்கள். வெறுமனே நிறுத்தி ஐடிலில் விட்டால் உலை குளிர்ந்து தார் வரத் தொடங்கும். தேங்காய் ஏற்ற அரைமணி ஆகுமென்றால் அணைத்துவிடுங்கள், திரும்பப் பற்ற ஐந்து நிமிடம்தான். திணறினால் முதலில் ஹாப்பரை ஒரு கட்டையால் தட்டுங்கள், பாலம் கட்டியிருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் சல்லடையை இரண்டு ஆட்டு ஆட்டுங்கள். அதிகம் ஆட்டாதீர்கள், கரிப் படுகை கொட்டிப்போனால் நாள் முழுக்கச் சரியாகாது.

விறகு சேர்க்கும்போது இஞ்சினை நிறுத்தி, காற்று வருகிற பக்கம் நின்று, முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டு மூடியைத் திறங்கள். சில சமயம் ‘குப்’பென்று தீ எழும். அரை நிமிடத்துக்குள் கொட்டி மூடிவிட வேண்டும். ஹாப்பரைக் காலியாக விட்டு ஓட்டக் கூடாது, கால் பங்காவது மிச்சம் இருக்க வேண்டும்.

அணைத்த பிறகு

காற்று வாயை அடைத்து, இஞ்சின் பக்க வாயு வால்வையும் மூடுங்கள். உள்ளே இன்னும் வெகுநேரம் வாயு ஊறிக்கொண்டிருக்கும், மூடியின் ஸ்பிரிங் வழியே கசியும். அதனால் அணைத்த உலையையும் வீட்டுச் சுவரோரமோ மாட்டுக் கொட்டகையிலோ நிறுத்தக் கூடாது. எங்களது வேலி ஓரத்துக் கிணற்று மேட்டில் திறந்த வெளியில் நிற்கிறது. சூடாக இருக்கும்போது எந்தக் கதவையும் திறக்காதீர்கள். காற்று நுழைந்தால் உள்ளிருக்கும் வாயு வெடிக்கும். சுத்தம் செய்வது மறுநாள் காலையில்தான்.

காலையில் குழாயின் கீழ் டேப்பைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு எனக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வருகிறது. பழுப்பாக, நாற்றமாக இருக்கும், அதில் பீனால் என்ற நச்சு உண்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதை வாய்க்காலிலோ தென்னை வட்டப்பாத்தியிலோ ஊற்றாதீர்கள், கிணற்றுக்குப் போய்ச் சேரும். நான் கேனில் சேர்த்து, மரத்தூளில் ஊற்றிக் காய வைத்து, அடுத்த கரிமூட்டத்தில் எரித்துவிடுகிறேன். சாம்பல் கதவைத் திறந்து அள்ளும்போது கரித்துண்டுகளைச் சலித்து எடுத்து வையுங்கள், அடுத்த பற்றவைப்புக்கு ஆகும். சலித்த சாம்பலை முழுதாக ஆறும்வரை இரண்டு நாள் இரும்பு டின்னில் மூடி வைத்த பிறகுதான் எருக்குழிக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறை மறுநாளே கொட்டி, எங்கள் எருக்குழி மூன்று நாள் புகைந்தது.